சியாங் மாயிலிருந்து பினாங்குக்கு: வேலையோடு ஒரு ரயில் பயணம்

வியாழன், சியாங் மாய்

மார்ச் பிறந்துவிட்டால், மடிக்கணினியை நம்பிப் பிழைக்கும் வெளியூர்க்காரர்கள் வட தாய்லாந்தின் சியாங் மாயில் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். காரணம் புகை. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு இது. அறுவடை முடிந்த மக்காச்சோளக் கொல்லைகளிலும் காடுகளிலும் பிப்ரவரியில் பற்றும் தீ ஏப்ரல் வரை ஓய்வதில்லை. எல்லைக்கு அப்பால், மியான்மரிலிருந்தும் லாவோஸிலிருந்தும் புகை வந்து சேர்கிறது. மேலே சூடான காற்று மூடிக்கொள்வதால், கீழே வந்த புகை வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கிறது. 1,676 மீட்டர் உயரமுள்ள டோய் சுதேப் மலை பழைய நகரத்து அகழிக்கரையிலிருந்து தெளிவாகத் தெரியக்கூடியது. இந்த வாரம் அப்படி ஒரு மலை இருந்த சுவடே இல்லை.

நானும் கிளம்புகிறேன். செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். எந்த நிறுவனத்திலும் ஊழியராக இல்லை. ஜெர்மனியில் ஒருவர், மெல்பர்னில் ஒருவர் என்று இரண்டு நிலையான வாடிக்கையாளர்கள் உண்டு. இடையிடையே சில்லறை வேலைகளும் வரும். திண்டுக்கல்லில் அம்மா இருக்கிறார். வேலை கைப்பெட்டிக்குள் அடங்கிவிடுவதால் பல ஆண்டுகளாக ஊர் ஊராக இருந்து செய்கிறேன். இனி எத்தனை காலம் இப்படி என்ற கேள்வி சில மாதங்களாக என்னோடு கூடவே வருகிறது. இந்தக் குறிப்புகளை அன்றன்றைக்கே எழுதிப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

துணி துவைத்துத் தரும் அக்காவிடம் கடைசிப் பையை வாங்கிக்கொண்டேன். அடுத்த நவம்பரில் வருவாய்தானே என்று கேட்டார். அவருக்குச் சொந்த ஊரே இதுதான். புகை அவர் பேரனின் மூச்சுக்குழலுக்குள்ளும் போகிறது, ஆனால் அவர்களுக்குக் கிளம்பிப் போக இடமில்லை. கிளம்ப முடிகிறவர்கள் நாங்கள்தான். எங்கள் வாடகைப் பணத்தால் நிம்மான்ஹேமின் சாலைப் பக்கம் வீட்டு விலை ஏறியிருக்கிறது. எங்கள் நுரையீரல் மட்டும் பாதிக்கப்படுவதற்கு முன்பே பயணச்சீட்டு எடுத்துவிடுகிறது. இந்த வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மாலை ஆறு மணி வண்டி. பாங்காக் 751 கிலோமீட்டர். லம்பூன் தாண்டி இருட்டிய பிறகு குன் தான் சுரங்கத்துக்குள் நுழைந்தது. 1,352 மீட்டர் நீளம், 1918-இல் திறக்கப்பட்டது. சுரங்கத்துக்குள் இணைப்பு அறுந்தது. யாரும் என்னைக் கூப்பிட முடியாத அந்தச் சில நிமிடங்கள் எனக்குத் தேவையாக இருந்தன.

படுக்கை விரிக்க ஊழியர் வந்தார். எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தார். மேலிருந்து பலகையைச் சாவி போட்டு இறக்கினார். மெத்தை, இறுக்கி மடித்த விரிப்பு, உறையிட்ட தலையணை, கொக்கிகளில் திரை. ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு அசைவும் வீணாகவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வேலையை முழுதாக அறிந்தவரைப் பார்ப்பது எனக்கு எப்போதும் தெம்பு தருகிறது.

வெள்ளி, பாங்காக்

காலை ஏழு மணிக்கு குருங் தேப் அபிவத் நிலையம். நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரியில் இங்கே மாறின. அதற்கு முன் ஹுவா லம்போங். 1916-இல் கட்டிய வளைகூரை, அதன் அடியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள். புதிய நிலையம் விமான நிலையம்போலப் பெரிது, குளிர்ச்சி, சுத்தம். ஆனால் உட்காரும் இடத்துக்கு அருகே மின்செருகி கிடைப்பது அரிது.

ஒன்பது மணிக்கு மெல்பர்ன் கூட்டம். அங்கே பிற்பகல் ஒரு மணி. நிலையத்துக்குள் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசி முடித்தேன்.

வண்டி மாலை நான்கு மணியையொட்டி. நடுவே கிடந்த நேரத்தில், சியாங் மாயில் பழகிய ஒரு தோழி வந்து பார்த்துவிட்டுப் போனார். போலந்துக்காரர், புத்தகத் தொகுப்பாசிரியர். அவரும் நானும் 2024-இல் தாய்லாந்து தொடங்கிய புதிய விசாவில் இருப்பவர்கள். ஐந்தாண்டு செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள் இருக்கலாம், கையில் ஐந்து லட்சம் பாட் சேமிப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு முன்பெல்லாம் சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு, எல்லை வரை போய் முத்திரை குத்தித் திரும்புவார்கள். எவரும் எவரிடமும் அடுத்த மாதத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். இந்த விசா வந்த பிறகு ஒருவரோடு ஒருவர் கொஞ்சம் நீண்ட பேச்சுகள் பேச முடிகிறது. ஆறு மாதத்துக்குள் இருவரில் ஒருவர் போய்விடுவோம் என்று தெரிந்துதான் அதையும் பேசுகிறோம்.

நட்பு இப்படி ஆகிவிடுவது சாதாரண விஷயமில்லை. பழகிய முதல் வாரத்திலேயே உள்ளத்தைத் திறந்து சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பொறுத்துச் சொல்ல நேரமில்லை. திறந்தது உண்மைதான். ஆனால் சண்டை போட்டு, முகம் திருப்பி, மறுபடி ஒன்றுசேரும் அளவுக்கு எந்த நட்புக்கும் காலம் கிடைப்பதில்லை. கோபம் வந்தால் ஆறப்போடுவோம், அதற்குள் யாராவது ஊரைவிட்டுப் போயிருப்போம். இப்போது திண்டுக்கல்லுக்குப் போனால் அக்காவோடு ஒரு சின்ன மனவருத்தம் வந்தால்கூட என் கை தானாகப் பெட்டியைத் தேடுகிறது. இந்த வாழ்க்கை எனக்குள் விட்டுச்செல்லும் தழும்புகளில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான்.

சனி, படாங் பெசாரிலிருந்து ஜார்ஜ் டவுன்

ஹாட் யாயில் விழித்தபோது ரப்பர் தோட்டங்கள். எட்டு மணியளவில் படாங் பெசார். இரு நாட்டுக் குடிநுழைவு மேசைகளும் ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. தாய்லாந்து முத்திரை குத்தி, சில அடி நடந்து மலேசிய முத்திரை. அந்தச் சில அடிகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவுகிறது.

பாங்காக்கும் பினாங்கும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சூரியன் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சிக்கு வருகிறது. ஆனாலும் ஒரு மணி நேர வித்தியாசம். தீபகற்ப மலேசியா 1981 முடியும் வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னே இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று 1982 பிறக்கும்போது அரை மணி முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் கூடவே மாறியது. அதனால்தான் பினாங்கில் காலை ஏழு மணிக்கும் தெருவிளக்கு எரிகிறது. இந்த விவரமெல்லாம் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் என் பிழைப்பே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது சூரியனை இல்லை, ஜெர்மனியில் இப்போது மணி என்ன என்பதைத்தான். அங்கே காலை ஒன்பது மணிக் கூட்டம் சியாங் மாயில் எனக்குப் பிற்பகல் மூன்று. எல்லை தாண்டியதும் அது நான்கு. நாளை மார்ச்சின் கடைசி ஞாயிறு. ஐரோப்பா கடிகாரத்தைக் கோடைக்கு மாற்றும். திங்களன்று கூட்டம் மறுபடி மூன்று மணிக்கே வந்துவிடும். மெல்பர்ன் ஏப்ரல் முதல் ஞாயிறன்று எதிர்த்திசையில் நகரும். ஒன்பது நாளுக்குள் என் நாளை மூன்று அரசாங்கங்கள் தொட்டுத் திருப்பியிருக்கும்.

படாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் மின்ரயில் இரண்டு மணி நேரத்துக்குள். கெடா மாநிலத்தின் வயல்கள் வழி நெடுக. பிறகு படகு, கால் மணி நேரத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன்.

அறை ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே அஞ்சடி நடைபாதை, நடுவில் வானம் தெரியும் முற்றம். அறைக்குள் நுழைந்ததும் நான் செய்யும் காரியங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேசைமேல் வைத்துப் பார்ப்பேன்; தோள் தூக்கினால் மேசை உயரம், தலையணை வேண்டும். மேசையின் நான்கு மூலையையும் அழுத்தி ஆட்டம் பார்ப்பேன். மின்செருகி கட்டிலருகே மட்டும் இருந்தால் நீட்டிப்புப் பெட்டியை எடுப்பேன். தாய்லாந்தில் நம் ஊர் இரண்டு முள் செருகிகள் அப்படியே போய்விடும். மலேசியாவில் தடித்த சதுர மூன்று முள், மாற்றி இல்லாமல் நடக்காது. ஜன்னலைத் திறந்து தெருவின் சத்தத்தைக் கேட்பேன். இவ்வளவும் ஆன பிறகுதான் அறை எப்படி இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியும். விருந்தாளியாக எவர் வீட்டுக்குப் போனாலும் இப்போது இதே வரிசையில்தான் கண் போகிறது.

இந்த மாடியில் முன்பு யார் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு விடவில்லை. ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு முடிந்தது. அதுவரை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த தகரவேலைக்காரர், கூடை முடைபவர், பெரிய குடும்பங்கள் எல்லாம் நகர மையத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கடைவீடுகளின் விலை ஏறியது. வெறுமையான மாடிகளில் எங்களைப் போன்றவர்கள் வந்து அமர்ந்தோம். சுவரில் பழைய சாமி விளக்கின் கரி படிந்த இடத்தைப் பூசாமல் அழகுக்காக விட்டிருக்கிறார்கள்.

ஞாயிறு, ஜார்ஜ் டவுன்

கூட்டம் இல்லாத நாள். குயீன் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 1833-இல் எழுந்த கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மா என் பேச்சைக் கேட்டதும் நான் ஊரிலிருந்து வந்தவளா என்று விசாரித்தார். திண்டுக்கல் என்றேன். யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆயிற்றா, தனியாகவா வந்திருக்கிறாய் என்று எல்லாக் கேள்விகளும் வரிசையாக வந்தன. அந்தக் கேள்விகளிலிருந்து தப்பத்தான் முதன்முதலில் நான் ஊரைவிட்டுப் போனேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். யார் மகள், எந்தத் தெரு என்று கேட்காத ஊர்களில் நான் செய்த வேலையின் தரம் ஒன்றே என்னைப் பற்றிச் சொன்னது. ஒரு பெண்ணுக்கு அது சின்ன விடுதலை இல்லை. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். இன்று அந்த அம்மா கேட்டபோது எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னேன். அதிலும் ஒரு நிறைவு இருந்தது.

அங்கிருந்து பினாங்குத் தெரு. ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கூடங்கள், இருந்த தெரு. லேவாதேவிக்கு ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் இந்த நீளக் கூடங்களில்தான் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பாய் விரிக்கும் இடம், முன்னால் ஒரு மரப்பெட்டி. அதுவே மேசை, அதுவே பணப்பெட்டி. சமையல் பொது. மனைவி மக்கள் செட்டிநாட்டில். வழக்கமான தவணை மூன்று ஆண்டு. முடிந்ததும் கப்பலேறி ஊர், சில காலம் வீடு, பிறகு மறுபடி ஒரு தவணை.

கைப்பெட்டியே தொழிலாக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் என்ற வகையில் அவர்கள் எனக்கு முன்னோர். அவர்கள் பட்ட தனிமையை நான் குறைத்துப் பேசவில்லை; வீட்டிலிருந்து கடிதம் கப்பலில் வர வேண்டிய காலம். ஆனால் அந்தத் தவணையைப் பற்றித்தான் இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போதே திரும்பும் நாள் எழுதப்பட்டிருந்தது. இங்கே ஒரு கோயில். தண்ணீர்மலைச் சாலையில் 1857-இல் கட்டினார்கள். ஊரில் ஒரு வீடு. நடுவில் ஒரு கணக்கு. என் வாழ்க்கையிலும் தேதிகளுக்குக் குறைவே இல்லை: விசா முடியும் தேதி, அறை காலி செய்யும் தேதி, ஒப்பந்தம் தீரும் தேதி, ஏதோ ஒரு நாடு கடிகாரத்தை மாற்றும் தேதி. எல்லாம் மற்றவர்கள் வைத்த தேதிகள். நானே குறித்த தேதி ஒன்றுகூட அதில் இல்லை. சுதந்திரத் தொழில் என்று சொல்லி வந்தவளுக்கு இது ஒரு பெரிய இடைவெளியாகப் படுகிறது.

மாலை அம்மாவோடு வீடியோவில் பேசினேன். நன்றாகத்தான் இருந்தார், சிரித்தார். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. அடுக்களையிலிருந்து திண்ணைக்கு வரும்போது சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே வந்தார். சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு படிந்திருந்தது. பல மாதமாக அப்படித்தான் நடக்கிறார் என்று அந்தக் கோடு சொன்னது. தினமும் பேசுகிறோம், தினமும் முகத்தைப் பார்க்கிறேன். ஆனால் அலைபேசி முகத்தை மட்டும்தான் காட்டுகிறது. கால் எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரே வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.

திங்கள், ஜார்ஜ் டவுன்

நாள் முழுக்க வேலை. ஜெர்மன் கூட்டம் சொன்னபடி மூன்று மணிக்கு. அங்கே மாலை ஆறு என்றால் எனக்கு நள்ளிரவு. கடைசித் திருத்தங்கள் அப்போதுதான் வரும். வலது மணிக்கட்டு கட்டை விரல் பக்கமாக வலிக்கிறது. பல ஊர் மேசைகளின் பலவித உயரங்கள் அதில் தங்கிவிட்டன. பட்டை கட்டிக்கொண்டு இடது கையால் சுட்டியைப் பிடிக்கப் பழகியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கேமராவுக்குச் செலவிடுவதற்கு முன், மடக்கி எடுத்துப் போகக்கூடிய விசைப்பலகையும் கணினியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தும் தாங்கியும் வாங்குங்கள்.

ஒரு பழைய வாடிக்கையாளர் பல மாதம் இழுத்தடித்த பணம் இன்று வந்தது. வந்ததும் மகிழ்ச்சியைவிட, இதுதான் கடைசி வருமானமோ என்ற பழைய பயம்தான் முந்திக்கொண்டது. கையில் சேமிப்பு இருந்தாலும் அது வருகிறது. மாதச் சம்பளம் வாங்கும் என் தம்பிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. ஆனால் இந்தத் தொழில்தான் என் உழைப்புக்கு நானே விலை சொல்லவும், முன்பணம் இல்லாமல் வேலை தொடங்க மறுக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தத் துணிவு எந்த ஊருக்குப் போனாலும் என்னைவிட்டுப் போகாது.

செவ்வாய், ஜார்ஜ் டவுன்

மார்ச் 31. இந்தியாவின் நிதியாண்டு இன்றோடு முடிகிறது. கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு முத்திரைகளைக் கூட்டினேன். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர். பொதுவாக, உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். மலேசியாவும் ஒரு ஆண்டுக்கு 182 நாள் என்றுதான் கோடு போடுகிறது, தாய்லாந்து 180. மலேசியாவில் என்னிடம் இருப்பது 2022-இல் தொடங்கிய டிஇ ரந்தாவ் அனுமதி. பன்னிரண்டு மாதம் வரை தங்கி வெளிநாட்டு வேலை செய்யலாம், இன்னொரு பன்னிரண்டு மாதம் நீட்டிக்கவும் வழியுண்டு. வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்ப்பதா விடுவதா என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். மூன்று நாடுகளும் என் நாட்களை எண்ணுகின்றன. எந்த நாட்டுக்கும் நான் அரை ஆண்டு ஆளாகவில்லை.

அந்தக் காகிதத்தை மூடிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் பகுதி காலியாக இருக்கிறது என்று போன மாதம் சொல்லியிருந்தாள். வடக்குப் பார்த்த ஜன்னல், நல்ல இணையம், தண்ணீர் பிரச்சினை இல்லை. சொந்த வீட்டுக்கு ஏற்கெனவே முயன்றாயிற்று. சம்பளச் சான்றிதழும் நிலையான முகவரியும் இல்லை என்று ஒரு வங்கி கடன் தர மறுத்துவிட்டது. ஆகவே வாடகைதான்.

வீட்டுக்காரரிடம் நானே பேசினேன். வேலை நேரத்தை முதலில் சொன்னேன்: ஜெர்மனிக்காக இந்திய நேரம் மாலை எட்டரை வரை, அதற்கு மேல் இல்லை. அந்த வரியை நேற்றிரவே இரு வாடிக்கையாளர்களுக்கும் எழுதி அனுப்பியிருந்தேன். மெல்பர்ன் உடனே சரி என்றது, ஜெர்மனி யோசிக்கிறது. வீட்டுக்காரர் வழக்கப்படி பதினொரு மாத ஒப்பந்தம் போடலாம் என்றார். ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்க ஊரெல்லாம் பிடித்துக்கொண்ட கணக்கு அது. எனக்கு மூன்று ஆண்டு வேண்டும், பதிவுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். நடுவில் சில மாதம் வெளியூர் போவேன், அப்போதும் வாடகை தவறாது என்றும் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் குறைந்த காலம் கேட்பார்கள், நீங்கள் கூட்டிக் கேட்கிறீர்கள் அம்மா என்றார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வியாழக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஜூன் ஒன்றாம் தேதி சாவி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.